யார் நேரத்தில் படிப்பது?

சென்ற மாதம் இரவுப்பணி முடித்து வந்த கேங்மேன் அண்ணன் ஒருவர் என் மேசைக்கு வந்து, "தம்பி, இதைக் கொஞ்சம் முடிச்சுக் குடுங்க" என்று கைப்பேசியை நீட்டினார். பாதுகாப்புப் பாடம். இந்தியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விழுப்புரத்துக்காரர். மும்பைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டாகிறது. கடைத்தெரு இந்தி நன்றாகப் பேசுவார். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. பொத்தான்களை நான் அழுத்தினேன். கேள்விகளுக்கு நானே விடை கொடுத்தேன். சான்றிதழ் அவர் பெயரில் வந்தது. அவர் தூங்கப் போனார்.

தோழர்களே, இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கணக்கின்படி அவர் படித்தவர். நாளை தண்டவாளத்தில் ஏதாவது நேர்ந்துவிட்டால், "பாடம் முடித்திருக்கிறாயே, பிறகு ஏன் கவனமில்லை?" என்று விசாரணையில் நீட்டப்படும் காகிதம் நான் அழுத்திய பொத்தானில் பிறந்ததாக இருக்கும்.

கைப்பேசியில் படிப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கர்மயோகி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு ஊழியர் படிக்க 'ஐகாட் கர்மயோகி' தளம் வந்தது. 2024 அக்டோபரில் கற்றல் வாரம் என்று வைத்து, ஆளுக்குக் குறைந்தது 4 மணி நேரம் படிக்கவேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நல்லது, படிக்கட்டும். மறந்துபோன ஒரு வேலைமுறையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்பது சின்ன வசதியல்ல.

ஆனால் பூசாவல் பயிற்சி நிலையத்துக்கு ஒருவரை அனுப்பினால் அந்த நாள் பணிநாள். ஆசிரியர் எதிரே நிற்பார். புரியாவிட்டால் கை தூக்கலாம். பக்கத்தில் இருக்கும் நம்மாள் தமிழில் சொல்லிக் கொடுப்பான். அதே பாடம் கைப்பேசிக்குள் புகுந்ததும் அது யாருடைய நேரம்? லோகோ பைலட் வண்டி ஓட்டும்போது கைப்பேசியைத் தொடக்கூடாது. சரியான விதிதான். தண்டவாளத்தில் நிற்கும் கேங்மேனுக்கும் கண்ணும் காதும் வரும் வண்டிமேல்தான் இருக்கவேண்டும். அப்படியானால் பாடம் படிக்க மிஞ்சுவது எது? வீட்டில் படுக்கும் நேரம். கைப்பேசி அவருடையது, ரீசார்ஜ் காசு அவருடையது, கெடும் தூக்கமும் அவருடையதே. செலவில்லாமல் பயிற்சி கொடுத்துவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போகிறது!

பாடத்துக்கான மணிகளைப் பணிப்பட்டியலிலேயே எழுதவேண்டும். பிரிவுக்கு ஓர் அறையும் ஒரு திரையும் போதும். பத்துப்பேர் சேர்ந்து பார்த்துப் பேசட்டும். பாதுகாப்புப் பாடமாவது அவரவர் மொழியில் வரவேண்டும். தெலுங்குத் தோழருக்கும் ஒடியாத் தோழருக்கும் நம் கதைதான், ஆகவே இதைத் தமிழர் கோரிக்கையாக மட்டும் வைப்பது பிழை. ஒப்பந்தத் தொழிலாளர் நிலைமை வேறு; அதைத் தனியே எழுதுகிறேன்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். எந்தப் பாடம், எந்த மொழி, எத்தனை மணிக்கு உட்கார்ந்து முடித்தீர்கள், யார் முடித்துக் கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசிக் கேள்விக்கு என் பெயரை எழுதத் தயங்க வேண்டாம்.