சிப்பிக்குள் சேரும் நஞ்சு

தாணே கழிமுகத்தில் நீர் வற்றும் வேளையில் கோலிப் பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குவது மும்பையின் பழைய காட்சி. மராட்டியர் திசரியா என்பதும் தமிழர் மட்டி என்பதும் ஒன்றே. வவ்வால் மீன் வாங்கக் கட்டுப்படியாகாத வீட்டிலும் மட்டிக்குழம்பு கொதிக்கும்.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. கழிமுகத்தின் இரு கரையிலும் ஆலைகள் பெருகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. காஸ்டிக் சோடா தயாரிப்பில் பாதரசம் பயன்பட்ட காலம் அது. தாணே கழிமுகத்துப் பாதரசம் பற்றித் தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனத்தார் 1981-லேயே கட்டுரை வெளியிட்டனர். அந்தத் தயாரிப்பு முறை பின்னர் படிப்படியாகக் கைவிடப்பட்டது. ஆனால், சேற்றில் படிந்த உலோகம் எளிதில் போய்விடுவதில்லை.

மட்டி இரை தேடி ஓடுவதில்லை. கிடந்த இடத்திலேயே நீரை உறிஞ்சி, வடிகட்டி உண்கிறது. ஒரு நாளில் அதன் உடல் வழியே செல்லும் நீர் குடம் குடமாக இருக்கும். நீரில் நுண்ணளவாக உள்ள காட்மியமும் ஈயமும் பாதரசமும் அதன் தசையில் திரண்டு சேர்கின்றன. எனவே கழிமுக நீரை மட்டும் சோதித்துவிட்டு "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை விடுவதில் பயனில்லை. மட்டியையே சோதிக்க வேண்டும். நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈயமும் பாதரசமும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு கலந்த விரிகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டவர்கள் கைகால் விளங்காமல் போயினர். நோய் வெளிப்பட்டது 1956-ல். ஆலைக் கழிவே காரணம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1968-ல்! இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் நலிந்தவர்கள் பெரும்பாலும் ஏழை மீனவக் குடும்பத்தினரே.

மும்பை மட்டியெல்லாம் நஞ்சு என்று பீதி கிளப்புவது நியாயமல்ல. கோலிப் பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போடுவதும் தகாது. கழிவை விட்டவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் சோதிக்காமலே "பயமில்லை" என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஏற்றுமதிச் சரக்கின் தரத்தைச் சோதிக்க 1963-லேயே சட்டம் வந்தது. கடலுணவும் அதில் அடக்கம். உள்நாட்டில் உண்ணும் உணவில் உலோகத்துக்கு உச்சவரம்பு வகுத்த விதிகள் 2011-ல் வந்தன. அந்த வரம்பு கழிமுகக் கரையில் கூடையில் விற்கும் மட்டிக்கும் உண்டல்லவா? பூநாரைகள் கூடும் இந்தக் கழிமுகத்துக்கு 2022-ல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. பறவைக்குக் கிடைத்த கவனம் மனிதருக்கும் கிடைக்கலாமே!

மகாராஷ்டிர அரசு உடனே செய்ய வேண்டியது இதுதான்: பருவந்தோறும், இடம்வாரியாக மட்டியை எடுத்துச் சோதித்து, முடிவை மராத்தி, இந்தி, தமிழில் மீன் சந்தைகளில் எழுதி வைக்க வேண்டும். எங்காவது மட்டி எடுக்கத் தடை விதிக்க நேர்ந்தால், அந்தப் பெண்களுக்கான இழப்பீட்டைக் கழிவு விட்ட ஆலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும்.