ஹெட்செட்டில் லைட் எரியுது... திரையில் மட்டும் இருட்டு! - லினக்ஸில் விஆர் மக்கர் பண்ணுவது ஏன்?

கண்ணாடி உடையவில்லை. கேபிள் அறுபடவில்லை. திரையிலும் கோளாறு இல்லை. ஆனாலும் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்த அடுத்த நாள், காசு கொடுத்து வாங்கிய விஆர் ஹெட்செட் வெறும் பிளாஸ்டிக் டப்பாவாகிவிடுகிறது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்தபோது ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ வகை ஹெட்செட் வைத்திருந்தவர்களுக்கு நடந்தது இதுதான். ஹெச்பி, ஏசர், டெல், லெனோவா, சாம்சங் எனப் பல நிறுவனங்கள் தயாரித்த இந்தக் கருவிகளுக்கான ஆதரவைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரிலேயே அறிவித்தது. அதை 24எச்2 பதிப்பில் மொத்தமாக நீக்கியும் விட்டது.

அடுத்த அடி, 2025 அக்டோபர் 14 அன்று விழுந்தது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. 2017 வாக்கில் வாங்கிய பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. ஆனால் அவற்றில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு, அந்தக் கால விஆர் ஹெட்செட்டை ஓட்டப் போதுமானது.

இந்த இரண்டு கருவிகளுக்கும் மிச்சமிருக்கும் வழிகளில் முக்கியமானது லினக்ஸ். அங்கே போனால் பலருக்கும் முதலில் வரும் புகார் ஒன்றுதான்: “எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஹெட்செட்ல படம் மட்டும் வரல.”

வடசென்னைக்கு இதில் என்ன வேலை?

விஆர் என்றால் கேம் என்ற எண்ணம் பொதுவாக உண்டு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் அதன் பயன் வேறு.

சென்னை துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983-ல் தொடங்கியது. எண்ணூர் துறைமுகம் (இன்றைய காமராஜர் துறைமுகம்) 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் அருகிலேயே காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கிறது. கப்பலில் இருந்து கன்டெய்னரைத் தூக்கும் பெரிய கிரேன்களில் ஆபரேட்டரின் கேபின் 30 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும். புதிதாகப் பழகுபவரை நேரடியாக அங்கே ஏற்றிவிட முடியாது. அதனால்தான் உலகெங்கும் கிரேன் பயிற்சிக்கு சிமுலேட்டர் பயன்படுத்தப்படுகிறது. வெல்டிங், பெயின்டிங், தீயணைப்பு, ரசாயனக் கசிவு ஒத்திகை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

கசிவு ஒத்திகை எவ்வளவு அவசியம் என்பது எண்ணூர் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலில் இருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இதுபோன்ற சூழலை நிஜத்தில் உருவாக்கிப் பயிற்சி தர முடியாது. விஆரில் முடியும்.

பெரிய நிறுவனம் என்றால் முழு சிமுலேட்டரையே வாங்கிவிடும். சிறிய பயிற்சி மையமோ, கல்லூரி லேபோ, நான்கு பேர் சேர்ந்து நடத்தும் ஸ்டார்ட்அப்போ என்றால் செகண்ட் ஹேண்ட் ஹெட்செட், பழைய கம்ப்யூட்டர், இலவச லினக்ஸ் என்றுதான் கணக்குப் போடும். அந்தக் கணக்கு திரையில்தான் இடிக்கிறது.

ஹெட்செட் ஒரு மானிட்டரா?

வயரில் இணைக்கும் ஹெட்செட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இரண்டு இணைப்புகள் போகும். ஒன்று யுஎஸ்பி. தலையின் அசைவு, சென்சார், கேமரா எல்லாம் அதன் வழியே. மற்றது ஹெச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட். படம் போவது இதன் வழியே. கிராஃபிக்ஸ் கார்டின் பார்வையில் இந்த இரண்டாவது இணைப்பு, மேசை மேல் இருக்கும் இன்னொரு மானிட்டர் மாதிரிதான்.

சிக்கலின் வேர் இங்கேதான். மானிட்டர் என்று நினைத்து டெஸ்க்டாப் தன் வால்பேப்பரையும் ஐகான்களையும் ஹெட்செட்டுக்குள் நீட்டிவிடும். மாட்டிப் பார்த்தால் பாதி ஐகான் இடது கண்ணில், பாதி வலது கண்ணில் தெரியும்.

இன்னொரு பிரச்னை நேரம். 90 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒவ்வொரு படமும் சுமார் 11 மில்லி விநாடிக்குள் தயாராகி, கண் முன்னே வந்துவிட வேண்டும். படம் டெஸ்க்டாப் வழியாகச் சுற்றிப்போனால் தாமதம் கூடும். தலை திரும்பும், காட்சி பின்தங்கும். பார்ப்பவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் மிச்சம்.

ஆகவே ஹெட்செட்டின் திரையை டெஸ்க்டாப் தொடவே கூடாது. விஆர் மென்பொருள் மட்டும் நேரடியாக ஆள வேண்டும். இதற்குப் பெயர் ‘டைரக்ட் மோட்’.

லினக்ஸ் பின்தங்கியது எப்படி?

விண்டோஸில் கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனங்களும் ஹெட்செட் நிறுவனங்களும் சேர்ந்து இந்த வசதியைக் கொடுத்தன. லினக்ஸில் அதைச் செய்ய யாரும் அவசரப்படவில்லை. 2015 மே மாதம் ஆக்குலஸ் நிறுவனம், விண்டோஸில் கவனம் செலுத்துவதற்காக லினக்ஸ், மேக் பணிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. 2016-ல் ஆக்குலஸ் ரிஃப்டும் ஹெச்டிசி வைவும் கடைக்கு வந்தபோது லினக்ஸ் பயனாளர்கள் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

திருப்பம் 2017-ல். வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம்விஆர் மென்பொருளின் சோதனைப் பதிப்பை அந்த ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸ் விண்டோவில் பல ஆண்டுகள் உழைத்த கீத் பேக்கார்டு, வால்வுக்காக இந்தச் சிக்கலைக் கையிலெடுத்தார். அவர் கொண்டுவந்த தீர்வின் பெயர் ‘டிஆர்எம் லீஸ்’. (இந்த டிஆர்எம், லினக்ஸ் கெர்னலில் திரைகளை நிர்வகிக்கும் பகுதி. சினிமா, பாட்டுகளுக்குப் போடும் டிஜிட்டல் பூட்டு அல்ல.)

லீஸ் வீடு மாதிரி!

சென்னையில் லீஸுக்கு வீடு பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வீடு ஓனருடையதுதான். ஆனால் லீஸ் முடியும்வரை சாவி குடியிருப்பவர் கையில். ஓனர் நடுவில் வந்து ஃபர்னிச்சரை மாற்றிப்போட முடியாது. அதேபோல, கம்ப்யூட்டரின் திரைகளுக்கெல்லாம் ஓனர் டெஸ்க்டாப்தான். அது ஹெட்செட் திரையை மட்டும் பிரித்து விஆர் மென்பொருளுக்கு லீஸுக்கு விடுகிறது. விஆர் முடிந்ததும் திரை ஓனரிடமே திரும்பும்.

இதற்கு முதல் படி, அது ஹெட்செட் என்று டெஸ்க்டாப்புக்குத் தெரிவது. ஒவ்வொரு திரையும் இணைந்தவுடன் ‘நான் இன்னார்’ என்று ஈடிஐடி எனும் சிறு தகவல் தொகுப்பை அனுப்பும். அதை வைத்து கெர்னல் அந்தத் திரைக்கு ‘நான்-டெஸ்க்டாப்’ என்ற முத்திரை குத்தும். அதன்பின் டெஸ்க்டாப் அதில் வால்பேப்பர் ஒட்டாது.

லீஸ் வசதி 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் எக்ஸ் சர்வர் 1.20-லும் இடம்பிடித்தது. ‘அப்பாடா’ என்று மூச்சுவிடுவதற்குள் அடுத்த மாற்றம். லினக்ஸ் உலகம் பழைய எக்ஸை விட்டு ‘வேலேண்ட்’ என்ற புதிய அமைப்புக்கு நகர ஆரம்பித்தது. அங்கே லீஸ் முறையை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. கேடிஇ பிளாஸ்மாவில் இது 2022 பிப்ரவரியில் வந்த 5.24 பதிப்பில்தான் கிடைத்தது. குனோம் இன்னும் தாமதமாகவே வந்து சேர்ந்தது. ஒரே ஹெட்செட், ஒரே கம்ப்யூட்டர், டெஸ்க்டாப் மட்டும் மாறினால் ஒன்றில் படம் வருவதும் மற்றதில் வராததும் இதனால்தான்.

படம் வரலையா? எங்கே பார்க்கணும்?

- பிழை எண்: ஸ்டீம்விஆர் 108 என்று காட்டினால் ஹெட்செட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், யுஎஸ்பி பக்கம் பார்க்க வேண்டும். 208 என்றால் ஹெட்செட் தெரிகிறது, அதன் திரை கிடைக்கவில்லை. இது வீடியோ கேபிள் அல்லது லீஸ் கோளாறு.
- கேபிள் எங்கே செருகியிருக்கு? டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மதர்போர்டில் ஒரு ஹெச்டிஎம்ஐ, கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்று என இரண்டு இருக்கும். கார்டில் செருகுவதே சரி. லேப்டாப்பில் வெளியே தெரியும் போர்ட், உள்ளே எந்த கிராஃபிக்ஸ் சிப்புடன் இணைந்திருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும்.
- கன்வெர்ட்டர் வேண்டாம்: டிஸ்ப்ளேபோர்ட் ஹெட்செட்டை, கடையில் கிடைக்கும் மலிவான ஹெச்டிஎம்ஐ அடாப்டர் போட்டு இணைத்தால் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.
- யுஎஸ்பி அனுமதி: சாதாரண பயனாளர் கணக்கு இந்தக் கருவியைத் தொட லினக்ஸ் தானாக அனுமதிக்காது. அதற்கான விதிகள் ‘ஸ்டீம்-டிவைசஸ்’ என்ற சிறு தொகுப்பில் உள்ளன. நிறுவிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.
- லாகின் திரை: டெஸ்க்டாப் லீஸ் தரவில்லை என்ற சந்தேகம் வந்தால், லாகின் செய்யும்போது வேலேண்ட், எக்ஸ்11 இரண்டையும் மாற்றிப் பார்ப்பது நல்லது. ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் ஹெட்செட்டில் பழுதில்லை என்பது உறுதி.
- டிரைவர்: ஏஎம்டி கார்டுகளுக்கான திறந்த டிரைவர் கெர்னலுடனேயே வருகிறது. என்விடியாவுக்கு அதன் சொந்த டிரைவர் தேவை. ஜிடிஎக்ஸ் 10 வரிசை போன்ற பழைய கார்டுகளுக்கு 580 வரிசை டிரைவரே கடைசி. அதைத் தாண்டிய பதிப்பை நிறுவினால் கார்டு கைவிடும்.

எந்த ஹெட்செட் எப்படி?

ஹெச்டிசி வைவ், வால்வ் இண்டெக்ஸ் இரண்டும் லினக்ஸுக்குப் பழகிய கருவிகள். இண்டெக்ஸை வால்வே தயாரித்ததால் அதற்கான ஸ்டீம்விஆர் ஆதரவும் அங்கிருந்தே வருகிறது.

ஹெச்பி ரெவெர்ப் ஜி2 போன்ற கைவிடப்பட்ட ஹெட்செட்களுக்கு ‘மொனாடோ’ என்ற திறந்த மென்பொருள் உயிர் கொடுக்கிறது. 2019-ல் கொலாபொரா நிறுவனத்தின் முன்னெடுப்பில் அறிமுகமான இது, அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஓபன்எக்ஸ்ஆர் எனும் பொதுத் தரத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் படம் வருவதும் தலை அசைவும் ஒருவிதம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர்கள் வேறு விதம். அவை இன்னும் முழுமையாகக் கைகொடுக்கவில்லை. ஜி2-வை ஆன்லைனிலோ ரிச்சி தெருவிலோ மலிவாகப் பார்த்ததும் பாய்ந்து வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மெட்டா குவெஸ்ட் வேறு ரகம். அது தனியாக இயங்கும் ஆண்ட்ராய்டு கருவி. கம்ப்யூட்டருடன் இணைக்கும்போதும் படம் சுருக்கப்பட்ட வீடியோவாகவே போகிறது. ஆகவே லீஸ் பிரச்னையே கிடையாது. மெட்டாவின் சொந்த மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் என்பதால் லினக்ஸில் ஏஎல்விஆர், வைவிஆர்என் என்ற திறந்த மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டரை ரௌட்டருடன் லேன் கேபிளில் இணைத்து, ஹெட்செட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கொடுத்தால் ஓரளவு சீராக ஓடும்.

2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ஸ்டீம் ஃபிரேம் ஹெட்செட்டின் உள்ளேயே ஓடுவது லினக்ஸ் அடிப்படையிலான ஸ்டீம்ஓஎஸ். பத்தாண்டுகளுக்கு முன் ஓரங்கட்டப்பட்ட லினக்ஸ், இப்போது ஹெட்செட்டுக்குள்ளேயே குடிபுகுந்திருக்கிறது.

அரசு லேப்டாப்பில் ஓடுமா?

தமிழ்நாடு அரசின் லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் இருப்பது மாணவர்களுக்குத் தெரியும். சிடாக் சென்னை மையம் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்த இயங்குதளம் பாடம், கோடிங் வேலைகளுக்குப் போதும். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ரேம் கொண்ட லேப்டாப், ஹெட்செட்டுக்கு விநாடிக்கு 90 படம் தராது. இதில் இயங்குதளத்தின் மேல் தப்பில்லை. ஆனால் விஆர் செயலி எழுதக் கற்றுக்கொள்ள அதே லேப்டாப் போதும். மொனாடோவில் நிஜ ஹெட்செட் இல்லாமலேயே சோதித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஐஐடி மெட்ராஸின் எக்ஸ்டிக் மையம் போன்ற இடங்களில் விஆர் ஆய்வு வேகமாக நடக்கிறது. பயிற்சி நிலையங்களிலும் இனி ஹெட்செட்கள் கூடவே செய்யும். அதில் அரசுப் பணமும் இருக்கும், வட்டிக்கு வாங்கிய பணமும் இருக்கும். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால், ‘எத்தனை பிக்சல்?’ என்பதைவிட ‘கம்பெனி கைவிட்டால் இதை வேறு யாராவது ஓட்ட முடியுமா?’ என்ற கேள்விக்கு எடை அதிகம்.

மத்திய அரசு திறந்த தரங்களுக்கான கொள்கையை 2010-லும், திறந்த மென்பொருளுக்கான கொள்கையை 2015-லும் வெளியிட்டது. அவை மின் ஆளுமைக்காக எழுதப்பட்டவை. அதே யோசனையைப் பயிற்சிக் கருவிகளுக்கும் நீட்டி, டெண்டரில் ‘ஓபன்எக்ஸ்ஆர் ஆதரவு கட்டாயம்’, ‘இணையக் கணக்கு இல்லாமலும் இயங்க வேண்டும்’ என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ஐந்து வருடம் கழித்து ஏதோ ஓர் ஊரில் ஒரு நிறுவனம் சுவிட்சை அணைத்தாலும், எண்ணூரில் கசிவு ஒத்திகை எடுக்கும் தொழிலாளியின் கண் முன்னே இருட்டு வராது.