வராத அளவும் பெய்யாத மழையும்

2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அப்படியொரு நாளில் மயிலம் 50, விழுப்புரம் 40 என்று சொல்ல, திண்டிவனம் மழைமானியின் அளவு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளத்தில் அது 'நல்' (NULL), அதாவது மதிப்பு இல்லை என்பதற்கான குறி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் சொந்தச் சராசரிக் கணக்கு அதை ஒதுக்கிவிட்டு 45 என்னும். அதற்குள்ளேயே பெர்ல் மொழியில் ஒரு சார்பு எழுதி மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தாலோ, வராத அளவு பூஜ்யமாகி, சராசரி 30! டிக்கிள் மொழியில் எழுதினால், அது நல்லுக்குப் பதில் வெற்றுச் சரத்தை நீட்டும்; நல்தானா என்று தனியாகக் கேட்க வேண்டும். பைத்தான் தேவலை, கூட்டச் சொன்னால் பிழை என்று கத்திவிடும். சார்பை 'ஸ்ட்ரிக்ட்' என அறிவித்தால் நல்லுக்கு நல்லே விடை. வெள்ள நிவாரணக் கணக்குக்கு நான் கேட்பது இந்தக் கறார்தான். சோம்பலில் அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது.