பத்து வயதில் தோல்வி முத்திரையா?

பத்து வயதுச் சிறுவன். ஐந்தாம் வகுப்பு. தேர்வு எழுதினான், தேறவில்லை. இரண்டு மாதத்துக்குள் மறுபடி எழுதினான், அப்போதும் தேறவில்லை. அதே வகுப்பில், அதே பெஞ்சியில் உட்காரு என்கிறது விதி! 2024 டிசம்பரில் டில்லி அரசு தன் பொறுப்பிலுள்ள கேந்திரிய வித்தியாலயா, நவோதயா போன்ற பள்ளிகளுக்குப் பிறப்பித்த விதி அது. எட்டாம் வகுப்புக்கும் உண்டு. எட்டாவது முடியும்வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கலாகாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் அதைத் திருத்தி வாசலைத் திறந்தார்கள். 2024இல் உள்ளேயே நுழைந்துவிட்டார்கள். தமிழகத்திலும் 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணை வந்தது. எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் வாபஸ் ஆயிற்று. 2024ஆம் ஆண்டு விதியையும் ஏற்கமாட்டோம் என்று தமிழக அரசு அப்போதே அறிவித்தது. நன்று. ஆனால் வாதம் அதோடு ஓய்ந்ததா?

"எழுதப் படிக்கத் தெரியாதவனை மேல்வகுப்புக்குத் தள்ளிவிடுவதுதான் கருணையோ?" என்று கேட்கிறார்கள் எதிர்த்தரப்பினர். வீண் கேள்வி என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். எட்டாவது படிக்கிற பிள்ளை ஒரு கடிதத்தை வாசிக்கத் திணறினால் முதலில் நெஞ்சு வேகிறவன் யார்? மூட்டை தூக்கும் தகப்பன்! தறி ஓட்டும் தகப்பன்! நோய் இருக்கிறது. மருந்து இதுதானா என்பதே நம் கேள்வி.

குழந்தையின் அறிவு எப்படி வளர்கிறது என்பதை ஆயுள் முழுதும் ஆராய்ந்தார் ஒருவர். சுவிட்சர்லாந்துக்காரர், பெயர் பியாஜே. அவர் செய்த சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை எடுத்து, ஒல்லியான உயரமான டம்ளரில் ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று ஐந்து வயதுக் குழந்தையைக் கேளுங்கள். உயரமானதைக் காட்டும்! அடித்தாலும் அதையே காட்டும். ஏழு எட்டு வயதில் அதே குழந்தை, "இதென்ன கேள்வி, அதே தண்ணீர்தானே?" என்று நம்மையே கேட்கும். முதலில் சொன்ன விடை முட்டாள்தனமா? இல்லை, அந்தப் படியில் நிற்கும் அறிவுக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது. எல்லாப் பிள்ளையும் ஒரே தேதியில் அடுத்த படி ஏறுவதுமில்லை.

அப்படியானால் அதுவாக ஏறட்டும் என்று கைகட்டி நிற்பதா? கூடாது என்றார் வைகாட்ஸ்கி. சோவியத் நாட்டு அறிஞர். 1934இல், 37 வயதில், காசநோய்க்குப் பலியானவர். பிள்ளை தனியாகச் செய்ய முடிந்தது ஓர் எல்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று கை கொடுத்தால் செய்ய முடிவது அதற்கப்பால் ஓர் எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடத்தில்தான் ஆசிரியருக்கு வேலை என்றார் அவர். பட்டறையில் வேலை பழகிய தோழருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? லேத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்றார். முதல் மாதம் கையைப் பிடித்தார், அடுத்த மாதம் கண்ணால் பார்த்தார், அப்புறம் டீக்கடைக்குப் போய்விட்டார்! புரூனரும் அவருடைய சகாக்களும் 1976இல் இந்த உதவிக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: சாரம். ஆம், கொத்தனார் கட்டுகிற அதே சாரம். சுவர் எழும்பும்வரை நிற்கும், எழும்பியபின் அவிழ்த்துவிடுவார்கள்.

பாதியில் நிற்கும் சுவருக்குச் சாரம் கட்டாமல், "நீ தோல்வி" என்று எழுதி ஒட்டுகிறவனைக் கொத்தனார் என்போமா?

நிறுத்தி வைப்பதால் நடப்பது என்ன? புரியாத பாடம், புரியாத அதே முறையில், இன்னொரு வருடம். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். இவன் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு. வசதியுள்ள வீடு டியூஷன் வைக்கும். இல்லாத வீட்டில் பையன் பட்டறைக்குப் போவான், பெண் அடுப்படிக்குப் போவாள்.

இந்த அறிவெல்லாம் பணக்காரப் பள்ளிக்கு உரியது என்று எண்ணுவோரும் உண்டு. மாண்டிசோரி அம்மையார் தம் முதல் குழந்தைகள் இல்லத்தை எங்கே திறந்தார்? 1907இல், ரோம் நகரில், சான் லோரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்! பெற்றோர் வேலைக்குப் போனபின் அநாதையாய்த் திரிந்த பிள்ளைகளுக்காக. 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களைப் பழக்கினார். இன்று அந்தப் பெயர்ப்பலகை தொங்கும் இடங்களில் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும்.

நம் மாநிலம் முயலாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-08இல் மாநிலமெங்கும் பரவியது. பிள்ளைகள் வட்டமாய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கை எட்டும் உயரத்துக்கு இறங்கிற்று. காய்ச்சலில் நாலு நாள் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பியாஜே சொன்ன படி, அங்கே ஏணியாய்ச் சுவரில் தொங்கியது! 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. வயதைப் பார்க்காமல் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்தது.

நல்ல திட்டங்கள்தாம். நாம் வாழ்த்துகிறோம். ஆனால் சாரம் கட்ட ஆள் வேண்டாமா? 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர் என்கிறது சட்டக் கணக்கு, வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் தலையில் ஐந்தும்! போதாக்குறைக்குக் கைப்பேசியில் விவரம் பதிவேற்றும் வேலை வேறு. ஆசிரியர் சங்கங்கள் குமுறியது அதற்காகத்தான். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரம் பெட்டியின் முகத்தைப் பார்ப்பதில் கழிந்தால், எந்தத் தத்துவம் என்ன செய்யும்?

ஆகவே, "தோல்வி கூடாது" என்று முழங்கியதோடு நம் கடமை தீரவில்லை, தோழர்களே. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் வீட்டம்மாளை அனுப்புங்கள். சுவருக்கு வெள்ளை அடித்த கணக்கு மட்டும் பேசிக் கலையவேண்டாம். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார்கள்? அவர்கள் பக்கத்தில் உட்காருபவர் யார், நாளைக்கு எத்தனை நிமிடம்? காலியான ஆசிரியர் இடம் எத்தனை மாதமாய்க் காலி? கேளுங்கள், பதிலைத் தீர்மான நோட்டில் எழுத வைத்து, கையெழுத்துப் போட்டு வாருங்கள்.