கை செய்ததைப் பேனாவும் சொல்லட்டும்!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர்)



கண்டுபிடிப்புகள் என்றதும் பள்ளியில் மனப்பாடம் செய்த பட்டியல்தான் நம் நினைவுக்கு வருகிறது. சுரங்கப் பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்? ஹம்ப்ரி டேவி. ஒரு மார்க்! ஆனால் அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் வாயு கசியும். தொழிலாளி கையில் இருப்பதோ திறந்த சுடர். இரண்டும் சந்தித்தால் வெடிதான். 1812 மே 25-ல் ஃபெல்லிங் சுரங்கத்தில் மட்டும் 92 பேர் மாண்டார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

அதே வட்டாரத்தில், கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன். 1781-ல் பிறந்தவர். அப்பா சுரங்கத்து எஞ்சினுக்குக் கரி போடுபவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். மகனும் பதினெட்டு வயது வரை அப்படியே இருந்தார். பிறகு பகலெல்லாம் எஞ்சின் ஓட்டிவிட்டு, தன் கூலியிலிருந்து காசு கொடுத்து இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றார். பதினெட்டு வயது! இன்று எனக்கும் அதே வயது.

1815-ல் அவர் ஒரு விளக்கு செய்தார். சிறு துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். சுடர் வெளியே வராது. எரிகிற விளக்கோடு வாயு கசியும் இடத்துக்கு அவரே இறங்கிப் பார்த்தார். அதே ஆண்டில் லண்டனில் டேவி, கம்பி வலை சுற்றிய விளக்கைச் செய்தார். டேவிக்கு 2000 பவுன் பரிசு. ஸ்டீஃபன்சனுக்கு 100 கினி. "படிக்காத மெக்கானிக்குக்கு இது எப்படித் தோன்றும்? காப்பி அடித்திருப்பான்" என்ற ரீதியில் டேவி பக்கத்தார் பேசினார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1000 பவுன் திரட்டி ஸ்டீஃபன்சனுக்குக் கொடுத்தார்கள். டேவியும் கெட்டவர் அல்ல. விளக்குக்குக் காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் விட்டுக் கொடுத்தவர் அவர். இருவரும் தனித்தனியாகவே கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படுவது.

இதோடு நிறுத்தினால் கைதட்டி விட்டுப் போய்விடலாம். ஆனால் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு.

1825-ல் லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில் பாதைக்காக ஸ்டீஃபன்சனைப் பார்லிமெண்ட் குழு கேள்வி கேட்டது. அவருடைய வட்டாரப் பேச்சைக் கேலி செய்தார்கள். அது அநியாயம். ஆனால் சர்வே கணக்கில் தப்பு இருந்ததே! உதவியாளர்கள் எடுத்த அளவுகளை அவர் சரிபார்க்கவில்லை. கேள்வி வந்தபோது பதில் இல்லை. மசோதா தோற்றது. வேறு சர்வேயோடு 1826-ல் அது நிறைவேறி, 1830 செப்டம்பர் 15-ல் அவரே கட்டிய பாதையில் ரயில் ஓடியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். கைநாட்டு. ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, "பேரிங் போயிடுச்சுப்பா" என்பார். பிரித்துப் பார்த்தால் போயிருக்கும்! எப்படிப்பா என்றால், "சத்தமே சொல்லுதே, இதைப் போய் எங்க எழுதறது?" என்பார்.

போன செமஸ்டர் லேத் பிராக்டிகலில் டேப்பர் டர்னிங் எனக்கு அளவு பிசகாமல் வந்தது. வைவாவில், "ஏன் இந்தக் கோணம் வைத்தாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். வாயடைத்து நின்றேன். இங்கிலீஷ்தான் காரணம் என்று நண்பர்களிடம் சொல்லிக் கொண்டேன். உண்மை அதில் பாதிதான். ரெக்கார்டில் இருந்த கணக்கு என்னுடையது அல்ல, சீனியருடையது.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், நம்மில் எத்தனை பேர் ரெக்கார்டை நாமே எழுதுகிறோம்? டிப்ளமாதானே என்று நம்மை இளக்காரமாகப் பார்ப்பவர்களிடம் கோபப்படுகிறோம். நியாயம்தான். ஆனால் நம் கை செய்த வேலைக்கு அடுத்தவர் கணக்கை ஒட்டி வைத்தால், நம்மை யார் நம்புவார்கள்?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணம் தெரிந்தும் இங்கிலீஷ் வராமல் திணறுகிற மாணவனை வைவாவில் தமிழில் சொல்ல விடுங்கள். நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, நம் ரீடிங்கை நாமே எழுதுவோம். தப்பு எங்கே என்று தேடும்போதுதான் படிப்பே ஆரம்பமாகிறது.

ஸ்டீஃபன்சன் தன் மகன் ராபர்ட்டை நல்ல பள்ளியில் படிக்க வைத்து, மகன் கொண்டு வந்த பாடத்தைக் கூடவே உட்கார்ந்து கற்றாராம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடக்கிறது. அப்பா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முதல் பக்கத் தலைப்பு: பேரிங் சத்தம்.

உங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு தொடங்குங்கள், தோழர்களே!