நீ என்னை சைட் பண்ணு!

போன மாதம் கோவில்பட்டி போயிருந்தேன். கடலைமிட்டாய் வாங்கத்தானே என்று கேட்காதீர்கள். அதுவும் வாங்கினேன். முக்கியமாக நண்பனைப் பார்க்க. ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார்.

திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவனுக்கு ஒரு போன். ஸ்பீக்கரில் போட்டான். வேறொரு காலேஜ் பேராசிரியர்.

"நீங்க என்னை சைட் பண்ணுங்க சார், நான் உங்களை சைட் பண்றேன்!"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த நண்பனின் அப்பா அப்படியே நிறுத்திவிட்டார். "யாரை லே சைட் அடிக்கச் சொல்லுதான்?"

"அய்யோ, அது இல்லப்பா! என் ஆராய்ச்சிக் கட்டுரையை அவர் தன் கட்டுரையில குறிப்பிடுவாரு. அவரோடதை நான் குறிப்பிடணும். சைட்டேஷன் ஏறினாத்தான் எனக்குப் பிரமோஷன்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தான். முகத்தில் ஈயாடவில்லை. மூணு வருஷமாகப் பிரமோஷன் இழுத்துக்கொண்டிருக்கிறது, பாவம்.

எந்தக் கட்டுரையிலிருந்து எது கிளைத்தது என்று தேட வசதியாக அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் மேற்கோள் அட்டவணை ஒன்றைக் கொண்டுவந்தார். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் 'ஹெச் இண்டெக்ஸ்' கண்டுபிடித்தார். உங்கள் கட்டுரைகளில் பத்து, தலா பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் மார்க் பத்து. அளவுகோலாக வந்தது, வாத்தியார்கள் முதுகிலேயே பிரம்பாக விழுகிறது!

நண்பனின் பாடம், கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. அதில் பெரிய கை, மணி சாண்டி. 1965-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து முடித்தவர். ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க ஒரு க்யூ, டாக்டரைப் பார்க்க ஒரு க்யூ, மாத்திரைக்கு ஒரு க்யூ இல்லையா? கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கதைதான். 1975-ல் சாண்டியும் மற்ற மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒவ்வொரு க்யூவையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பெருக்கினால் மொத்த நிலவரமும் கிடைத்துவிடும் என்று நிரூபித்தார்கள். நாலு பேர் இனிஷியலையும் சேர்த்து 'பிசிஎம்பி' என்றே அதற்குப் பெயர்.

இன்னொன்று சுவாரஸ்யம். ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது லெஸ்லி லாம்போர்ட் என்ற விஞ்ஞானியிடம் சாண்டி ஒரு புதிர் போட்டார். தனித்தனியாக ஓடும் பல கம்ப்யூட்டர்களை, நிறுத்தாமலே ஒட்டுமொத்தமாக போட்டோ எடுப்பது எப்படி? இருவருக்கும் ஒயின் கொஞ்சம் அதிகம், மூளை ஓடவில்லை. மறுநாள் குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை பளிச்சிட்டது. ஓடிப்போனால், அதே விடையோடு சாண்டி காத்திருக்கிறார்! 1985-ல் வெளியான அந்தக் கட்டுரையை ஆயிரக்கணக்கானவர்கள் மேற்கோள் காட்டிவிட்டார்கள். 2014-ல் டைக்ஸ்ட்ரா பரிசும் கிடைத்தது. யாருக்கும் போன் போட்டு "என்னை சைட் பண்ணு" என்று அவர்கள் கெஞ்சவில்லை. விஷயம் தேவைப்பட்டது, தேடி வந்தார்கள்.

இதையெல்லாம் கேட்ட அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"நம்மூர் ஆராய்ச்சிப் பண்ணையில கே 11 பருத்தி விட்டாங்க. நாலு கரிசக்காட்டுல வெளஞ்சுது. அஞ்சாவது காட்டுக்காரன் தானா வந்து விதை கேட்டான். நீயும் நானும் ஒரே விதையை மாத்தி மாத்தி வித்துக்கிட்டா காடு வெளையுமாலே?"

1901-லிருந்து இருக்கிற பண்ணை அது. விதைப் பெயரில் வரும் 'கே', கோவில்பட்டியேதான். விதைக்கிற விவசாயி யாருக்கும் அடிக்குறிப்பு எழுதுவதில்லை. அவன் விதைப்பதே மேற்கோள்!

நண்பன் கொஞ்சநேரம் தரையையே பார்த்தான். பிறகு போனை எடுத்தான்.

"சார், உங்க கட்டுரையை அனுப்புங்க. முழுசாப் படிச்சுப் பார்க்கிறேன். எனக்கு உபயோகப்பட்டா கண்டிப்பா குறிப்பிடறேன். நீங்களும் அதே மாதிரி என்னோடதைப் படிங்க..."

டொக். எதிர்முனை கட்.

பிரமோஷன் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அவனுக்கும் தெரியும். ஆனால் அப்பாவுக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"படிச்சுப் பார்க்கேன்னுதானே சொன்னே? அதுக்கா போனை வச்சுட்டாரு?"