மனை நலம்: முகட்டுக்குக் கீழே ஓர் அறை

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் எச்சரித்தனர். கட்டிய வீட்டைத் திருத்திப் பார் என்று ஏனோ அவர்கள் சொல்லவில்லை. அதன் தொல்லையை அனுபவித்தவர், பிறருக்கு எடுத்துரைக்கும் தெம்பையும் இழந்துவிட்டார் போலும்!

கட்டுகஸ்தோட்டைக்கு அருகே மலைச்சரிவொன்றில் அமைந்தது என் தமக்கையாரின் இல்லம். கள்ளிக்கோட்டை ஓடு வேய்ந்த பழைய வீடு, அறைகள் மூன்று. அண்மையில் அத்தானின் தாயார் நோயுற்று அங்கு வந்து தங்க நேர்ந்தது. உயர்தர வகுப்பில் பயிலும் என் மருமகள், பாட்டியாருக்குத் தன் அறையை மனமுவந்து விட்டுக்கொடுத்தாள். ஆயினும், தொலைக்காட்சியின் ஓசைக்கும் அடுப்படியின் ஓசைக்கும் நடுவே, சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் அவள் பரீட்சைக்குப் படிப்பதைக் காணப் பெற்றோருக்குப் பொறுக்கவில்லை. அவ்வேளையில் மேசன் ஒருவர், "முகட்டுக்குள் எவ்வளவு இடம் வீணே கிடக்கிறது! பலகை அடித்து, ஒரு படி வைத்தால் நல்லதோர் அறை ஆகிவிடும்" என்று ஆசை காட்டினார்.

"தம்பி, நீர் ஒருக்கால் வந்து பாரும்" என்று அத்தான் அழைத்தார்; சென்றேன்.

ஐரோப்பிய நாடுகளில் முகட்டறை புதிய பொருளன்று. பனி வழிந்து விழுவதற்காக அங்கே கூரைகளைச் செங்குத்தாக அமைப்பர். அதன் கீழ் இயல்பாகவே இடம் மிகும். பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சுவா மான்சார் என்ற சிற்பி பரவலாக்கிய இருமடிப்புக் கூரை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் நாட்டிலோ மழை வழிவதற்கும் வெப்பம் தணிவதற்குமே கூரை அமைந்தது. நண்பகலில் ஓட்டுக்குக் கீழே தேங்கும் வெக்கை, வீட்டினுள் இறங்காமல் தடுப்பதே அந்த வெற்றிடத்தின் வேலை. ஆகவே அது வீண் இடமன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

அடுத்து, அளவு. மாணவ வாசகர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். மருமகள் தன் பாகைமானியில் நூல் கட்டி, அதில் ஒரு சாவியைத் தொங்கவிட்டு, கைமரத்தின் சரிவை அளந்தாள்: 30 பாகை. வீட்டின் அகலம் 24 அடி. பாதி 12 அடி. ஆகவே முகட்டின் உயரம் ஏறத்தாழ 7 அடி. ஆனால் 6 அடி உயரமுள்ள ஒருவர் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய இடமோ, நடுவில் 3 அடிக்குச் சற்று அதிகமான ஒடுங்கிய பாதை மாத்திரமே! கூரை 45 பாகை சரிந்திருந்தால் அதே வீட்டில் 12 அடி அகலம் கிடைத்திருக்கும்.

"குறுக்கு வளைகளை அறுத்துவிட்டால் இடம் விரியும்" என்றாராம் மேசன். இது மிகவும் அபாயகரமான யோசனை. ஒரு புத்தகத்தை விரித்து, முதுகு மேலாகக் கூடாரம்போல் வழுவழுப்பான மேசையில் நிறுத்திப் பாருங்கள். இரு பக்கமும் வழுக்கி விரிந்து படுத்துவிடும். கூரையின் இரு சரிவுகளும் அவ்வாறே சுவர்களை வெளியே தள்ளுகின்றன. அவற்றை இழுத்துப் பிடித்திருப்பது அந்தக் குறுக்கு வளைதான். மேலும், சீலிங் பலகையைத் தாங்கும் சட்டம் மனிதரைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்டதன்று. குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோகிராம் பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது பொறியியலாளர் கணக்கு.

மரவேலையின் மதிப்பை அறிய நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டிக்கு அருகே, கம்பளை இராச்சியத்துக் காலத்தில் எழுந்த எம்பெக்கே தேவாலயத்தில், கதிர்காமக் கடவுளின் சந்நிதிக்கு முன்னுள்ள மண்டபத்தில், 26 கைமரங்களின் நுனிகளை ஒன்றாய்க் கோத்து நிற்பது ஒரே மர ஆணி. அந்த ஓர் ஆணியைப் பிடுங்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தவர், தம் வீட்டு வளையில் வாளை வைக்கத் துணியார்.

முகட்டறை கைவிடப்பட்டது. "அப்படியாயின், பின்புறத்து மண்ணை வெட்டி ஓர் அறை இறக்குவோம்" என்றார் அத்தான். இதற்குத்தான் நான் பெரிதும் அஞ்சினேன். 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி கொணர்ந்த பெருமழையில் மண்சரிவால் மிகுந்த உயிரிழப்பைக் கண்டது கண்டி மாவட்டம். சரிவின் அடியை வெட்டுவது, நிற்பவனின் காலைத் தட்டுவதற்கு ஒப்பாகும். மலைச்சரிவில் கட்ட விரும்புவோர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீட்டையும் உள்ளூராட்சிச் சபையின் அனுமதியையும் பெற்ற பின்னரே மண்வெட்டியைத் தொடுதல் வேண்டும். 1988இல் உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அறிவித்த பழைய நகர எல்லைக்குள் வீடுள்ளவர்க்கு வேறு விதிகளும் உண்டு.

பின்னர் நாங்கள் வீட்டைச் சுற்றி நடந்தோம். உடைந்த ஓடுகள் ஒன்பது, குரங்குகளின் கைவண்ணம்! பீலி இலைகளால் அடைபட்டு, நீர் நேரே அத்திவாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கைமரத்தில் திருப்புளியைக் குத்தியபோது இரண்டு அங்குலம் உள்ளே சென்றது, கறையான். அறை சேர்ப்பதற்கு வைத்திருந்த பணத்தின் பெரும்பகுதி இவற்றுக்கே செலவாயிற்று. அத்தானுக்கு முதலில் மனவருத்தமே. கைமரத்தை மாற்றியபோது அதன் உட்புறத்தைக் கண்ட பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

படிப்பறை? பின் விறாந்தையின் மூலையில், 8 அடிக்கு 7 அடி இடத்தில், பலகைத் தடுப்பும் ஒரு ஜன்னலும் சுவரோடு பொருந்திய புத்தகத் தட்டும் அமைந்தன. புதிய பாரம் இல்லை. புதிய அத்திவாரமும் இல்லை.

திருத்த வேலை செய்ய எண்ணுவோர் இந்த ஒழுங்கை மனத்திற் கொள்க: முதலில் கூரை, அடுத்து நீர் வடிகால், பிறகு சுவர், அதன்பின் மின்கம்பி, கடைசியிலேயே வர்ணம். கூரையைத் திறக்க ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களே உகந்தவை. அஸ்பெஸ்டஸ் தகடு இருப்பின் அதை உலர்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அத்தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

"மாமா, திரிகோணகணிதத்தால் எனக்கு ஒரு மாடி போயிற்று" என்று விடைபெறும்போது மருமகள் குறைபட்டுக்கொண்டாள். புதிய மேசையில் விரிந்திருந்த புத்தகமும் அதே பாடந்தான்!

அடுத்த வாரம்: சுவரில் ஏறும் ஈரம்.